டோக்கியோவில் தமிழ்ச் சமையல்: எதைக் கட்டிக்கொண்டு போவது, எதை அங்கேயே வாங்குவது?

உங்கள் கேள்வி இதுதான்: கணவருக்கு டோக்கியோவில் வேலை, குடும்பத்தோடு போகிறீர்கள். நீங்கள் சுத்த சைவம், அவர் மீன் சாப்பிடுவார். அரிசி, பருப்பு, மிக்ஸி, குக்கர் என்று பெட்டி நிறையக் கட்டவா, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாமா? நான் பல வருடங்களாக டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில் எதொகாவா வட்டாரத்தில் குடியிருக்கிறேன். ஒவ்வொரு வசந்தத்திலும் புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்கள் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், அரிசியும் பருப்பும் பெட்டியில் வேண்டாம். எடைக்காக மட்டும் சொல்லவில்லை. 2018 அக்டோபரிலிருந்து, செடிகொடியிலிருந்து வரும் பொருட்களில் பெரும்பாலானவற்றுக்கு ஏற்றுமதி செய்யும் நாட்டு அரசின் தாவர நலச் சான்றிதழை ஜப்பான் கேட்கிறது. பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழம், விதைகளோடு அரிசியும் பருப்பும் அதில் அடங்கும். கையில் கொண்டுபோகிற சின்னப் பைக்கும் இதே விதிதான். சான்றிதழ் இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். இறைச்சி சேர்ந்த எதையும் எடுத்துப் போகக் கூடாது. கடையில் சில்லறை விற்பனைக்காக அடைத்து மூடிய காய்ந்த மசாலாச் சாமான்களுக்குத் தடையில்லை. ஆகவே பெருங்காயம், மிளகு, சீரகம், பழகிய சாம்பார்ப்பொடி, ரசப்பொடி எல்லாம் பிரிக்காத பாக்கெட்டாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பாட்டில் செக்கு நல்லெண்ணெயும் சேருங்கள். ஜப்பானில் நல்லெண்ணெய்க்குக் குறைவில்லை, ஆனால் அங்கே பரவலாகக் கிடைப்பது எள்ளை வறுத்து ஆட்டியது. கருத்த நிறம், தூக்கலான வாசனை. தைஹகு என்ற பெயரில் வறுக்காத எள்ளெண்ணெய் தெளிவாக, வாசனையே இல்லாமல் இருக்கும். இட்லிப்பொடிக்கு இரண்டுமே சரிவராது.

அடுத்தது மிக்ஸி. ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம் ஊர் 230 வோல்ட் மிக்ஸி அங்கே உறுமும், அரைக்காது. வோல்டேஜை ஏற்றித் தரும் டிரான்ஸ்ஃபார்மர் உண்டு, ஆனால் மிக்ஸி இழுக்கும் அளவுக்கானது கனமும் அதிகம், விலையும் அதிகம். அமெரிக்காவுக்காகச் செய்யும் 110 வோல்ட் மிக்ஸி சென்னையில் கிடைக்கிறது, அதை வாங்கிக்கொண்டு போங்கள். டோக்கியோவில் 100 வோல்ட்தான் என்பதால் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும். உள்ளூர்க் கடைகளில் விற்கும் பிளெண்டர்கள் பழச்சாறுக்கானவை, உளுந்தைப் போட்டால் சூடாகி நின்றுவிடும்.

அடுப்பைப் பற்றிப் பலர் முன்கூட்டி யோசிப்பதில்லை. வாடகை வீடுகள் பலவற்றில் அடுப்பே இருக்காது, நாம்தான் வாங்க வேண்டும். குழாய் வழி வரும் நகர கேஸுக்கு ஓர் அடுப்பு, சிலிண்டர் கேஸுக்கு வேறு அடுப்பு. மாற்றிப் போட்டால் ஆபத்து, அதனால் வீட்டு ஒப்பந்தத்தில் எந்த வகை என்று பார்த்துவிட்டே கடைக்குப் போங்கள். 2008-லிருந்து வீட்டு கேஸ் அடுப்பின் எல்லா பர்னர் நடுவிலும் வெப்ப உணரி இருக்க வேண்டும் என்பது சட்டம். எண்ணெய் தீப்பிடிக்காமல் இருக்க நல்ல ஏற்பாடு. ஆனால் தோசைக்கல் நன்றாகக் காய்கிற சமயத்தில் பார்த்துத் தீ தானே தணிந்துவிடும், தோசை வெளுத்துப் போகும். உணரி கூடுதல் சூட்டை அனுமதிக்கும் தனிப் பொத்தான் சில அடுப்புகளில் ஒரு பர்னருக்காவது உண்டு. தோசை வார்க்கிற வீடு என்றால் அந்தப் பொத்தான் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சில புதிய அடுக்ககங்களில் கேஸே கிடையாது, இண்டக்‌ஷன்தான். அலுமினியக் குக்கர் பெரும்பாலும் அதில் சூடாகாது. எவர்சில்வர் குக்கராக எடுத்துக்கொண்டால் இரண்டு வகை வீட்டுக்கும் ஒத்துவரும்.

இனி அரிசி. இந்தியக் கடைகளில் பொன்னியும் சோனா மசூரியும் இட்லியரிசியும் கிடைக்கும், ஆனால் விலை உறுத்தும். அரசு ஒதுக்கீட்டுக்கு வெளியே இறக்குமதியாகும் அரிசிக்குக் கிலோவுக்கு 341 யென் சுங்கவரி. உள்ளூர் நெல் விவசாயிகளைக் காக்க வைத்திருக்கும் வரி அது. அப்படியிருந்தும் உள்ளூர் அரிசியே 2025 வசந்தத்தில் 5 கிலோ 4,000 யென்னைத் தாண்டியது, ஒரே வருடத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அரசு கையிருப்பைத் திறந்துவிடும் நிலை வந்தது.

உள்ளூர் அரிசி குட்டையாக, ஒட்டும் தன்மையோடு இருக்கும். சாம்பார் ஊற்றிப் பிசைய உதிரியாக வேண்டும் என்பவர்களுக்கு அது பிடிக்காது. ஆனால் வெண்பொங்கலுக்கும் தயிர்சாதத்துக்கும் அதைப்போல் அமைவது நம் ஊர் அரிசியில்கூட அரிது என்பது என் அபிப்பிராயம். குழைய வேகும், ஆறினாலும் இறுகாது. சர்க்கரைப் பொங்கலுக்கு ஒகினாவாவிலிருந்து வரும் கொகுதோ என்ற கருஞ்சர்க்கரையை வாங்குங்கள். கரும்புச்சாற்றைச் சுத்திகரிக்காமல் காய்ச்சுவது, நம் வெல்லத்துக்கு நெருங்கிய சொந்தம். எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் சர்க்கரை அடுக்கில் இருக்கும். கொழுக்கட்டைக்கு ஜோஷின்கோ என்கிற அரிசிமாவு நன்றாகச் சொப்பு பிடிக்கும். பக்கத்திலேயே இருக்கும் மோச்சி மாவையும் ஷிராதாமா மாவையும் எடுத்துவிடாதீர்கள், அவை பசையரிசி மாவுகள்.

காய்கறிப் பகுதிக்கு வந்தால் எனக்கு எழுதக் கை ஓயாது. வந்து இறங்கியவர்கள் எல்லாவற்றுக்கும் இந்தியக் கடைக்கு ஓடுகிறார்கள். ரயிலேறிப் போய் உறைந்த வெண்டைக்காயும் உறைந்த பாகற்காயும் வாங்கி வருகிறார்கள். வீட்டுக்கு எதிரில் உள்ள கடையில் அதே காய் அன்று பறித்ததுபோல் கிடக்கும். வெண்டைக்காய் ஜூனிலிருந்து செப்டம்பர்வரை ஜப்பானின் தெற்குப் பக்கத்து ககோஷிமாவிலிருந்தும் கோச்சியிலிருந்தும் வரும். பச்சை வலைப்பையில் கொஞ்சமாகத்தான் போட்டிருப்பார்கள், ஆனால் ஒன்றுகூட முற்றியிருக்காது, நுனியை ஒடித்துப் பார்க்கும் வேலையே இல்லை. பாகற்காய் கோடையில் ஒகினாவா, கியூஷூ பக்கத்திலிருந்து வரும், பெயர் கோயா. நல்ல பச்சை, நல்ல கசப்பு, பிட்லைக்கு அருமை. கத்தரிக்காய் எப்போதும் உண்டு, தோல் கருஊதா, விதை குறைவு, எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு ஏற்றது. முள்ளங்கி ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்கு ஒரு வாரம் வரும், குளிர்காலத்தில் இனிக்கும். கீரையோடு விற்கும் முள்ளங்கி கண்ணில் பட்டால் விடாதீர்கள், இலையைப் பாசிப்பருப்போடு கூட்டு வைக்கலாம்.

கீரை கிடைக்காது என்று சொல்பவர்களை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. கோடையில் த்சுருமுராசாகி என்று அடுக்கி வைத்திருப்பார்களே, அது நம் கொடிப்பசலை. கூஷின்சாய் என்பது வள்ளைக்கீரை. கொமாத்சுனா வருடம் முழுவதும் மலிவாகக் கிடைக்கும். கடுகுக் குடும்பத்துக் கீரை, ஆனால் காரமில்லை, பொரியலுக்கும் மசியலுக்கும் எங்கள் வீட்டில் வாரந்தோறும் அதுதான். இலையுதிர்காலத்தில் மண் ஒட்டிய உருண்டைக் கிழங்குகள் சாதோஇமோ என்ற பெயரில் குவியும். சேப்பங்கிழங்கேதான். அவர்கள் சோயா சாஸில் மெதுவாக வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். நீங்கள் அரைவேக்காடாக எடுத்து மிளகாய்த்தூள் பிசறி ரோஸ்ட் செய்து பாருங்கள், ஊர் ருசி அப்படியே இருக்கும். தாமரைக்கிழங்கு சாதாரணக் கடையிலேயே புதிதாகக் கிடைக்கும், மெல்லிசாகச் சீவினால் வறுவலுக்கு அழகு. கோடை தொடங்கும்போது வெளிர்மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் புது இஞ்சி வரும். நார் இருக்காது, ஊறுகாய் போடுபவர்கள் அந்தச் சில வாரங்களைத் தவறவிடக் கூடாது.

இதில் கவனிக்க வேண்டியது பருவம். ஜப்பானியக் கடை பருவத்தோடு ஓடுகிறது. ஜனவரியில் வெண்டைக்காய் தேடினால் வெளிநாட்டிலிருந்து வந்தது, விலையேறித்தான் இருக்கும். அதே ஜனவரியில் முள்ளங்கியும் மிக்கான் என்னும் சின்ன ஆரஞ்சும் மலிந்து கிடக்கும். இந்த வாரம் இந்தக் காய் வேண்டும் என்று பட்டியல் எழுதிக்கொண்டு போகாதீர்கள். அங்கே எது குவிந்திருக்கிறதோ அதைப் பார்த்துச் சமையலைத் தீர்மானியுங்கள். பருவமும் சில சமயம் காலை வாரும். 2025 தொடக்கத்தில் ஒரு முட்டைக்கோஸ் 1,000 யென்னைத் தொட்ட கடைகள் உண்டு. அந்த வாரங்களில் பயத்தம்பயறு முளைக்கட்டித் தரும் மோயாஷி பாக்கெட் கைகொடுக்கும், கடையிலேயே மலிந்த காய் பெரும்பாலும் அதுதான்.

உண்மையிலேயே கிடைக்காதவை சில. முருங்கைக்காய், துருவிய தேங்காய், சின்ன வெங்காயம் மூன்றும் இந்தியக் கடையில் உறைந்த நிலையில் இருக்கும். பச்சைமிளகாய் சாதாரணக் கடையில் கோடையில் மட்டும் எட்டிப்பார்க்கும். கொத்தமல்லி நாலு தண்டு கட்டி நல்ல விலை சொல்வார்கள், பால்கனியில் தொட்டியில் தூவிவிடுவது மேல். கறிவேப்பிலைச் செடியை இங்கே வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து கன்று கேட்டு வாங்கலாம். நவம்பர் வந்ததும் வீட்டுக்குள் எடுத்து வைக்க வேண்டும்.

தயிருக்குக் கவலையே வேண்டாம். ஜப்பானில் சர்க்கரை சேர்க்காத வெறும் தயிர் பரவியதில் மெய்ஜி நிறுவனத்துக்குப் பெரிய பங்குண்டு. 1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் பல்கேரிய அரங்கில் ருசி பார்த்த தயிரை வைத்து அடுத்த வருடமே விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள், 1973-ல் பல்கேரியா என்ற பெயரே வைத்தார்கள். அந்தத் தயிரில் ஒரு கரண்டி உறை ஊற்றினால் வீட்டுத் தயிர் தயார். குளிர்காலத்தில் டோக்கியோ வீடுகள் உள்ளேயும் குளிரும், உறையவே உறையாது, மாவும் பொங்காது. மின்சாதனக் கடைகளில் வெப்பத்தைக் குறித்து வைக்கும் தயிர்ப் பாத்திரம் ஒன்று விற்பார்கள், அதை வாங்கிவிடுங்கள். கொஞ்சமாக அரைத்த இட்லிமாவையும் அதில் புளிக்க வைக்கலாம்.

உங்களுக்கு மிகவும் தேவையான செய்தி இனிமேல்தான். ஜப்பானில் சைவருக்குச் சிக்கல் தட்டில் கண்ணுக்குத் தெரியும் இறைச்சியால் வருவதில்லை, அதை விலக்கிவிடலாம். சாறுதான் சிக்கல். தாஷி எனப்படும் அடிப்படைச் சாறு கொம்பு என்ற கடற்பாசியிலும், சூரை மீனை அவித்துப் புகைபோட்டுக் காயவைத்துச் சீவிய கட்சுவோபுஷியிலும் எடுப்பது. (இலங்கைச் சமையல் தெரிந்தவர்களுக்கு மாசி என்றால் புரியும், அதே மீன், ஏறக்குறைய அதே முறை.) மிசோ சூப், சோபா நூடுல்ஸின் தொட்டுக்கொள்ளும் சாறு, கீரையை அவித்து வைக்கும் சின்னக் கிண்ணம், டோஃபு மேல் ஊற்றும் சாஸ், இனிப்பான டோஃபுத் தோலில் சாதம் அடைத்த இனாரி என எல்லாவற்றிலும் இது இருக்கலாம். காய்கறி மட்டுமே போட்டது என்று கடைக்காரர் மனதார நம்பிச் சொல்வார், மீன்சாறு அவர் கணக்கில் வராது. ஆகவே இறைச்சி உண்டா என்று கேட்பதோடு நிற்காமல், தாஷியில் மீன் உண்டா என்று தனியாகக் கேளுங்கள்.

பாக்கெட்டில் பார்க்கும்போது கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஒவ்வாமைப் பொருட்களை எழுதியிருப்பார்கள். முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு போன்ற சிலவற்றைக் கட்டாயம் எழுத வேண்டும். மாடு, பன்றி, கோழி, ஜெலட்டின் இவற்றை எழுதச் சொல்லிப் பரிந்துரை மட்டும் உண்டு. சூரை மீன் இரண்டு பட்டியலிலும் கிடையாது. அதனால் அந்த அடைப்புக்குறியை மட்டும் பார்த்துவிட்டு வாங்கக் கூடாது. கைப்பேசி கேமராவில் மொழிபெயர்க்கும் செயலியால் முழுப் பட்டியலையும் படியுங்கள், ‘எக்ஸ்ட்ராக்ட்’ என்று எது வந்தாலும் சந்தேகப்படுங்கள். ஜப்பானியக் கறிக்குழம்பு வைக்கக் கரைக்கும் மசாலாக் கட்டிகளில் மாட்டுக்கொழுப்போ பன்றிக்கொழுப்போ அடிக்கடி இருக்கும். உருளைக்கிழங்கு சிப்ஸில் கோழித்தூள், கிண்ணத் தயிர் இனிப்புகளில் ஜெலட்டின், உமேபோஷி ஊறுகாயில்கூட சூரை சேர்த்த வகை உண்டு. மீன் சேராத உமேபோஷி தயிர்சாதத்துக்கு மாவடு மாதிரி அமையும், தேடிப் பிடியுங்கள்.

பயப்படவும் வேண்டாம். டோஃபு வகைகள் இங்கே ஒரு முழுச் சுவர் அளவுக்கு இருக்கும். கனமாகப் பொரித்த அத்சுஆகேயைத் துண்டு போட்டு வத்தக்குழம்பில் சேர்த்தால் புளியை நன்றாக இழுத்துக்கொள்ளும். ஏடமாமே என்ற அவித்த பச்சைச் சோயாக்காய், சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு, உப்பு மட்டும் போட்ட சோற்றுருண்டை ஆகியவை வெளியே போகும் நாட்களில் வயிற்றைக் காக்கும். கிழங்கு சுடும் பெட்டியைப் பல சூப்பர்மார்க்கெட்டுகள் வாசலிலேயே வைத்திருக்கின்றன. கோயில் விடுதிகளில் பரிமாறும் ஷோஜின் உணவில் மீனும் கிடையாது, பூண்டு வெங்காயமும் கிடையாது. சாறு கொம்பிலும் காய்ந்த ஷிதாகே காளானிலும் எடுப்பார்கள். விலை கூடத்தான், ஆனால் ஒருமுறையாவது போய் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

கணவருக்கு மீன் கொண்டாட்டம்தான். சவாரா நம் வஞ்சிரத்தின் பேரினத்தைச் சேர்ந்தது, வறுவலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். தச்சிஉவோ வாளை மீன், இவாஷி மத்தி வகை, நிபோஷி அவித்துக் காயவைத்த நெத்திலி. முழு மீன் வாங்கினால் கவுண்ட்டரிலேயே சுத்தம் செய்து வெட்டிக் கொடுப்பார்கள், பெரும்பாலும் இலவசம். பச்சையாகச் சாப்பிட உகந்தது, சமைத்தே சாப்பிட வேண்டியது என்று மீன் பாக்கெட்டில் தனித்தனியாகக் குறித்திருக்கும், அதை மாற்றிவிடக் கூடாது.

விலைச்சீட்டில் இரண்டு எண் இருக்கும். பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் வரி சேராதது, சின்னதாக இருப்பதுதான் நீங்கள் கொடுக்கப் போவது. 2019 அக்டோபரில் வந்த ஏற்பாட்டின்படி உணவுப்பொருளுக்கு 8 சதவீதம், மற்றவற்றுக்கு 10. கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் 10, கட்டி எடுத்துப்போனால் 8. 2020 ஜூலையிலிருந்து பிளாஸ்டிக் பைக்குக் காசு, எனவே துணிப்பை எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். மாலை நேரத்தில் மீனுக்கும் சமைத்த உணவுக்கும் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பிப்பார்கள். மூடும் நேரம் நெருங்க நெருங்க அது பாதிவிலைவரை போகும். பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களின் அடித்தள உணவுத் தளமும் இப்படித்தான். மொத்தமாகவும் மலிவாகவும் வாங்க கியோமு சூப்பர் என்ற கடைத்தொடர் இருக்கிறது, உறைந்த காய், தேங்காய்ப்பால் எல்லாம் அங்கே நல்ல விலை. கரண்டி, டப்பா, வடிகட்டிக்கு 100 யென் கடை. நல்ல கத்தியோ இரும்பு வாணலியோ வேண்டுமென்றால் உயேனோவுக்கும் அசகுசாவுக்கும் நடுவில் கப்பாபாஷி தெரு, உணவகக்காரர்கள் சாமான் வாங்கும் இடம்.

பருப்பு, உளுந்து, புளி, இட்லியரிசிக்கு மாதம் ஒருமுறை இந்தியக் கடை போதும். 2000-ஐ ஒட்டி கணினிப் பொறியாளர்கள் வந்து குடியேறிய நிஷிகசாய் எங்கள் பக்கம்தான், அங்கே கடைகள் பல உண்டு. ஷின் ஓகுபோ நிலையத்துக்கு அருகே நேபாள, வங்கதேசக் கடைகள் வரிசையாக இருக்கும், மசாலாவும் பருப்பும் அங்கே விலை குறைவு. வீட்டுக்கே அனுப்பும் இந்தியக் கடைகளும் உண்டு. ஐந்து கிலோ உளுந்தைத் தூக்கிக்கொண்டு ரயில் மாறுவதற்கு அனுப்பும் கூலி கொடுக்கலாம்.

வெளியே சாப்பிட நினைத்தால், தெருவுக்குத் தெரு தெரியும் இந்திய உணவகங்களில் மிகப் பல நேபாளிகள் நடத்துபவை, பெரிய நான் ரொட்டியும் வெண்ணெய் மிதக்கும் கறிக்குழம்பும்தான் அங்கே முக்கியம். ஷின்ஜுகுவின் நகாமுராயா என்ற கடை 1927-லேயே இந்தியக் கறிக்குழம்பைப் பரிமாறத் தொடங்கியது, இந்திய விடுதலைப் புரட்சியாளர் ராஷ் பிஹாரி போஸ் சொல்லிக்கொடுத்த சமையல் அது. கின்சாவில் ஏ. எம். நாயர் 1949-ல் தொடங்கிய உணவகம் இன்றும் இருக்கிறது. இப்போது தென்னிந்தியச் சாப்பாட்டுக்கு ஜப்பானியர்களே வரிசையில் நிற்கிறார்கள், ரசத்தை ரசித்துக் குடிக்கும் கூட்டம் பெருகிவிட்டது.

கடைசியாக, பண்டிகைக்குப் பலகாரம் சுடுபவர்களுக்கு ஒன்று. மீந்த எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்ததும் சூடான எண்ணெயில் கலக்குவதற்கென்று ஒரு பொடி விற்கிறார்கள். ஆறியதும் எண்ணெய் கட்டியாகிப் பாத்திரத்திலிருந்து அப்படியே பெயர்ந்து வரும், எரியும் குப்பை எடுக்கும் நாளில் பையில் போட்டு வைத்துவிடலாம். சூப்பர்மார்க்கெட்டிலும் 100 யென் கடையிலும் கிடைக்கும். முறுக்குக்கு மாவு பிசைவதற்கு முன்பே ஒரு பாக்கெட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.